நாங்கள் திரும்பி நின்ற சனிக்கிழமை

வருஷத்துக்கு ஒரு தடவை பத்திரிகைக்காரப் பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கும். நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத மகா ரக்பி வீரர்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். நாட்டுக்காக ஆடியவனைத் தொப்பி வாங்கியவன் என்பது ரக்பிக்காரர்கள் வழக்கம். அப்படிப் பார்த்தால் நாங்கள் எல்லாம் தொப்பி இல்லாத ஜாதி. பட்டியலில் என் பெயர் தவறாமல் வரும்: மோண்டே, ஒன்பதாம் எண், நியூ பிரைட்டன், போர்ட் எலிசபெத். பகமிலேயின் பெயர் வராது. அந்தப் பெயரை நாங்களே அழித்தோம். அரைகுறையாக அல்ல, சுத்தமாக.

"தொப்பி கிடைக்கலேன்னு வருத்தமா இருக்கா ஐயா?" என்று கேட்கிறார்கள். தொப்பியாம் தொப்பி! டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

பகமிலே எங்கள் பத்தாம் எண். ஸ்க்ரம் என்றால் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து முட்டுவது. அந்த முட்டலுக்குள் பந்தைப் போட்டு, கால்களுக்கு நடுவே உருண்டு பின்னால் வந்ததும் பொறுக்கிப் பத்துக்கு எறிவது ஒன்பதின் வேலை. அதற்குப் பிறகு ஆட்டம் பத்தின் கையில். எட்டு வருஷம் அவனுக்கு எறிந்தேன். எங்கள் மைதானத்தில் புல் கிடையாது, கூழாங்கல்லும் கண்ணாடிச் சில்லும்தான். விழுந்தால் முட்டியில் தோல் இருக்காது. அவன் முட்டியில் மட்டும் ஒரு கீறல் கிடையாது, ஏனென்றால் அவனை யாரும் பிடித்ததே இல்லை. பிடிக்க வருகிறவன் எந்தக் காலில் நிற்கிறான் என்று பார்ப்பான், மற்றக் கால் பக்கமாகப் போய்விடுவான். கேட்டால், "அவனே வழி சொல்றான் தோலோ, நான் என்ன செய்ய?" என்பான். தோலோ என்பது என் குலப்பெயர். எங்களில் மதிப்பாகக் கூப்பிடுவதென்றால் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவன் அதையே கிண்டலாகவும் கூப்பிடுவான்.

வெள்ளைக்கார அரசாங்கத்துப் போலீஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தெருவில் சுட்டதே, அதற்கு மறு வருஷம் அந்தக் கடிதங்கள் வந்தன. நாங்கள் இருவரும் டயர் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை பார்த்தோம். அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி லூப்ஸர், வெள்ளைக்காரர் ரக்பி சங்கத்தில் தேர்வாளர். சாப்பாட்டு மணி அடித்ததும் தானே வந்து ஆளுக்கொரு கவரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"என்னடா, வேலையை விட்டுத் தூக்கிட்டானா?" என்றான் பகமிலே.

"இல்ல. நம்ம ரெண்டு பேரையும் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிடுறான். நல்லா ஆடினா நாட்டு அணியோட பச்சைச் சட்டையாம்."

"பச்சை எனக்கு எடுக்காதே. கறுப்பா இருக்கேனே."

"இத்தனை வருஷம் அவனுங்க மைதானத்துல கம்பி போட்ட மூலையில நம்மள நிக்க வெச்சு ஆட்டம் காட்டினானுங்க. இப்ப எந்த நாட்டுக்காரனும் இவனுங்களோட ஆட வரமாட்டேங்குறான். அதான், நாலு கறுப்பு மூஞ்சியக் காட்டி, பாருங்க நாங்க நல்லவங்கன்னு சொல்லப் பாக்குறானுங்க."

என் கடிதத்தை நான்காகக் கிழித்து எண்ணெய்த் தொட்டியில் போட்டேன். அவன் தன்னுடையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அதை ஏன்டா பத்திரப்படுத்துற?"

"நல்ல காகிதம். சிகரெட் சுத்திக்கலாம்."

சிரித்தோம். அவன் பொய் சொல்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் சங்கம் கறுப்பர், கலப்பினத்தார் என்று பார்க்காத சங்கம். வெள்ளைக்காரர் சங்கத்தோடு எந்த ஒட்டும் உறவும் வேண்டாம் என்பது முடிவு. தலைவர் மபாண்ட்லா வாத்தியார். நான் செயலாளர். அங்கே ஆடப் போகிறவனுக்கு என்ன தண்டனை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். அவனுக்கு வணக்கம் சொல்லக் கூடாது. அவன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அவனை வண்டியில் ஏற்றக் கூடாது. அவன் எதிரே வந்தால், எங்கே நின்றாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நல்ல கையெழுத்தில் எழுதி, பொதுக்குழுவில் வாசித்தேன். கை தட்டினார்கள். பகமிலேயும் தட்டினான்.

இப்போது நோஸுகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பகமிலேயின் மனைவி, டிரான்ஸ்கைப் பக்கத்துப் பெண். கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில் அவளுக்கு நகர முத்திரை கிடையாது. முத்திரை இல்லாதவள் புருஷனோடு நகரத்தில் இருக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டு தடவை பிடித்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டாள். சோதனைக்காரர்கள் கதவைத் தட்டினால் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். முதல் குழந்தை உண்டாகி ஐந்தாவது மாதம் நடக்கும்போது ஒரு நாள் பக்கத்து வீட்டில் தட்டினார்கள். அவள் உள்ளே போனாள், வயிறு இடித்து அலமாரிக் கதவைச் சாத்த முடியவில்லை. அன்று அந்த வீட்டோடு போய்விட்டார்கள், பிழைத்தாள்.

அந்த வாரம்தான் லூப்ஸர் அவனிடம், "நீ வா, உன் மனைவிக்கு முத்திரை நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவன் போனான்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது என்று சொன்னால் என் நாக்கு அழுகும். எனக்குத் தெரியும். போவதற்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து சொன்னான். அலமாரிக் கதவையும் சொன்னான்.

"நம்ம தெருவுல மட்டும் முத்திரை இல்லாத பொண்டாட்டிங்க பதினோரு பேர் இருக்காங்க," என்றேன் நான். "அவங்க புருஷன்மாருக்கெல்லாம் பொண்டாட்டி மேல ஆசை இல்லையா?"

"அவங்கள எவனும் கூப்பிடலையே தோலோ."

"கூப்பிட்டா போயிடுவாங்களா?"

"எனக்குத் தெரியாது. என்னைக் கூப்பிட்டிருக்கான். அவ்வளவுதான்."

"போனேன்னா நீ செத்தவன்டா எனக்கு."

"எம்பது நிமிஷம் ஓடிட்டு வந்துடுறேன்டா. அவளுக்கு ஒரு முத்திரை. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

எப்படி ஆடினான் என்பதை அந்த மைதானத்தில் பெருக்கிக் கழுவும் எங்கள் ஆட்கள் வந்து ரகசியமாகச் சொன்னார்கள். ரகசியமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் சொல்லும்போது அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அவன் பந்தை வாங்கியபோதெல்லாம் வெள்ளைக்காரக் கூட்டம் எழுந்து நின்றதாம். புல் தரையில் அவனை யார் பிடிப்பது? மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே நிற்கிறான், சிரிக்கவில்லை. தேர்வாளர்கள் பச்சைச் சட்டையை அவனுக்குக் கொடுக்கவில்லை. இன்னும் பக்குவம் போதாது என்று எழுதினார்கள். லூப்ஸர் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. முத்திரை வந்தது, ஒரு வருஷத்துக்கு.

அன்றிலிருந்து தொழிற்சாலை வரிசையில் அவன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே போகும். கடைக்காரன் சாமானை மேஜையில் வைத்துவிட்டு சுவரைப் பார்த்து நிற்பான். பையன்கள் தூரத்தில் நின்று, "வெள்ளைக்கார மாப்பிள்ளை! பச்சைச் சட்டை எங்க, சலவைக்குப் போட்டிருக்கியா?" என்று கத்துவார்கள். கிட்டே வந்ததும் சொல்லிக்கொடுத்தபடி திரும்பி நிற்பார்கள். நோஸுகோவுக்கும் அதே கதிதான். விதியில் மனைவியைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. சனங்கள் சேர்த்துக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை.

மூன்று தடவை அவன் என் பின்னால் நின்று பேசிப் பார்த்தான். "தோலோ, நோஸுகோவுக்காகத்தான்டா..." என்று ஆரம்பிப்பான். நான் முதுகைக் காட்டியபடி நடந்துவிடுவேன். அழவில்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் நின்று கேட்கவில்லை.

என் மனைவி வுயெல்வா எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளைத் தன் கையில் ஏந்தியவள். படித்த மருத்துவச்சி இல்லை, ஆஸ்பத்திரியில் வேலைபார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் கஞ்சி கிண்டிக்கொண்டே, எங்கள் பிள்ளையின் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"லுயாண்டா அப்பா, அந்தப் பொண்ணுக்கு நாள் நெருங்குது. கால் வீங்கியிருக்கு, வேலி வழியாப் பார்த்தேன். ஒரு எட்டு போயிட்டு வரட்டுமா?"

"விதிய எழுதினவன் பொண்டாட்டியே மீறினா ஊர் என்ன சொல்லும்?"

"வயித்துல இருக்கிற பிள்ளையும் தேர்வு ஆட்டத்துக்குப் போயிட்டு வந்துச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. "நேரம் வரட்டும், பார்க்கலாம்" என்றேன். அவள் கரண்டியைப் பானையில் ஓங்கித் தட்டினாள். அதோடு விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கும் குவாஸகேலே அணிக்கும் ஆட்டம். அந்த ஆட்டம் என்றால் தெருவில் நாய்கூட இருக்காது. கடை அடைப்பு. தெருவில் இருந்த ஒரே தொலைபேசி அந்தக் கடையில்தான். கடைக்காரன் மைதானத்தில் கொடி பிடித்துக்கொண்டிருந்தான். மைதானத்தோரம் ஏழு கார்கள் நின்றன, மபாண்ட்லா வாத்தியாருடையதும் சேர்த்து. வுயெல்வா பெண்களோடு எலுமிச்சைச் சாறும் வறுத்த மாவுருண்டையும் விற்றுக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு பக்கமும் சமம். அவர்கள் கோட்டுக்கு ஐந்து கஜ தூரத்தில் எங்களுக்கு ஸ்க்ரம். அந்தக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, ஆட்டம் எங்களுக்கு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசை குனியக் காத்திருந்தேன். அப்போது கார்கள் நின்ற பக்கம் சீழ்க்கை கிளம்பியது. பகமிலே.

ஒவ்வொரு காராகப் போனான். ஒவ்வொரு காரிலும் சாய்ந்து நின்ற ஆள் திரும்பிக்கொண்டான். வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், சீழ்க்கையில் ஒன்றும் கேட்கவில்லை. வாத்தியாரின் கையைப் பிடித்தான். அவர் கையை உதறிவிட்டுத் திரும்பினார். பிறகு கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டான்.

"டேய், ஆட வந்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். "மன்னிப்புக் கேக்க வர்றான்!" என்றது இன்னொரு குரல். பெரிய சிரிப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஆட்டம் பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை, காலில் விழ வந்துவிட்டான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவன் நடுவுக்கு வரும்போது சீழ்க்கை நின்றது. இரண்டாயிரம் பேர் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு அணியும் திரும்பியது. நடுவரும் எங்கள் ஆள்தான், அவரும் திரும்பினார். காற்று மட்டும் அடித்தது. அவன் நேராக என் பின்னால் வந்து நின்றான். மூச்சு இரைத்தது.

"தோலோ," என்றான். "நோஸுகோ..."

மறுபடியும் முத்திரைக் கதை என்று நினைத்தேன். நாலாவது தடவை. அதுவும் ஊர் முழுக்கப் பார்க்க. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று அரை நொடி நின்று கேட்டிருந்தால் போதும். நான் முன்வரிசையைப் பார்த்து, "குனிங்கடா!" என்று கத்தினேன். அவர்கள் குனிந்தார்கள், முட்டினார்கள். நான் பந்தை உள்ளே போட்டேன்.

அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே விதி.

எல்லோரும் பாடிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது அவன் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வுயெல்வாதான் முதலில் உள்ளே போனாள். விதி, கிதி எதையும் அவள் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் சாம்பலாகியிருந்தது. படுக்கை முழுக்க ரத்தம், வாசல்வரைக்கும் ரத்தம், அங்கிருந்து ஒரு கைவண்டிச் சக்கரத் தடம். நிலக்கரி விற்பவனின் கைவண்டியை எடுத்து அதில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். ஆறு மைல். வாத்தியார் காரை எடுத்தார், இப்போது எடுத்தார். நானும் வுயெல்வாவும் ஏறினோம். ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கமே கண்டோம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தை மூடியிருந்தான். குழந்தை வெளியே வரவே இல்லை.

வுயெல்வா ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் எழுந்து வண்டியைத் திருப்பி, அவளைப் பார்க்காமல், எங்கள் யாரையும் பார்க்காமல், வந்த வழியே தள்ளத் தொடங்கினான். கார் அவன் பின்னால் மெதுவாக ஊர்ந்தது. வாத்தியார் கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கோ மகனே, ஏறிக்கோ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை செயற்குழு கூடியது. சாவுக்குப் போகலாமா கூடாதா என்பது கேள்வி. செத்தவள் என்ன பாவம் செய்தாள் என்றார் ஒருவர். போனால் வெள்ளைக்காரப் பத்திரிகை படம் எடுத்துப் போடும், சங்கம் சமாதானம் ஆகிவிட்டது என்று எழுதும் என்றார் இன்னொருவர். வாத்தியார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுப்போம், அதுவரை யாரும் போக வேண்டாம் என்றார். அடக்கம் சனிக்கிழமை. அதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வுயெல்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நானும் திரும்பினேன்," என்றாள். "சாறு ஊத்துற கரண்டியோட திரும்பினேன். நான் திரும்பாம இருந்திருந்தா அவன் கைய பார்த்திருப்பேன். கையப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும். பிரசவம் பார்த்த கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் குறிப்பேட்டை மேஜையில் வைத்தேன்.

"அவளைக் குளிப்பாட்டப் போனேன். கதவைச் சாத்திட்டான். நான் இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த மைதானத்துப் பக்கம் வருவேன்? நீங்க போங்க, உங்க சங்கத்தோட போங்க."

சனிக்கிழமை காலையில் நான் தனியாக இடுகாட்டுக்குப் போனேன். செயலாளர் வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை, யாருக்கும் தெரியாமல் பின்பக்க வேலி வழியாகத்தான் போனேன். பகமிலே, பாதிரியார், பெட்டியை இறக்க நகராட்சி ஆட்கள் நான்கு பேர். நோஸுகோவின் அண்ணன் டிரான்ஸ்கையிலிருந்து வரவில்லை. அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பெட்டியை இறக்கினார்கள். பாதிரியார் ஜெபத்தை முடித்துக்கொண்டு நகர்ந்தார்.

எங்களில் குழியை மூடுவது கூலிக்கு விடும் காரியம் அல்ல. ஊர் ஆண்கள் மூடுவார்கள். ஒருவன் களைத்தால் அடுத்தவன் மண்வெட்டியை வாங்குவான், மண்வெட்டி கையிலிருந்து கைக்குப் போகும். மனைவியை இழந்தவன் ஒரு பிடி மண் போட்டால் போதும், அதற்குமேல் அவனைத் தொடவிடமாட்டோம். அன்று மண்வெட்டியை வாங்க யாருமில்லை. பகமிலே ஒரு பிடி மண் போட்டான். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மண்வெட்டியைத் தானே எடுத்தான்.

நான் குழியின் மறுபக்கம் போய்க் கையை நீட்டினேன். அவன் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். கையை நீட்டியபடியே நின்றேன். ஈரமான செம்மண், கனம். கால் மணி நேரம், அரை மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நீட்டிய கை எனக்கு வலித்தது. வலி என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

பாதிக் குழி மூடியபோது நிறுத்தினான். மண்வெட்டிக் காம்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வேறு யாரிடமும் கேட்க முடியாது.

"அந்த ஸ்க்ரம்ல பந்து யாருக்கு வந்துச்சு?"

நான்கு மாதமாக நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நமக்குத்தான்."

"அப்புறம்?"

"உள்ள புகுந்து ட்ரை போட்டோம்."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். குனிந்து அடுத்த மண்ணை அள்ளினான்.